ஈரத்தில் அணையும் ஒளி

அண்ணனுக்கு நாக்கின் அடியில் புற்றுக்கட்டி என்று தெரிந்த வாரத்தில்தான் அவளுடைய பொடி முதன்முதலாக நன்றாக ஒளிர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த விஷயம் அது. செம்பு அணுக்கள் சில கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி. எக்ஸ்ரே பட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிவிடும். சாதாரண வெளிச்சம் உடம்புக்குள் ஆழமாகப் போகாது, எக்ஸ்ரே போகும். பொடியைக் கட்டியில் மட்டும் தங்க வைத்துவிட்டால் கட்டி எங்கே முடிகிறது என்று ஒளியே காட்டிவிடும். அறுவை செய்பவர் குத்துமதிப்பாக வெட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளேதான் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். அண்ணி பிடித்துக்கொண்டாள்.

“பாதி நாக்கு போயிடும்ங்கிறாரு டாக்டர். உன் பொடிய வச்சுப் பார்த்தா கொஞ்சமாவது மிஞ்சும்ல?”

“அது இன்னும் மருந்தில்ல அண்ணி.”

“ஒளிருதுன்னு நீதானே சொன்னே?”

“கண்ணாடித் தட்டுல ஒளிருது. உடம்புல போட முடியாது.”

“சொந்த அண்ணனுக்குன்னா முடியாது. நாளைக்கு யாருக்கோன்னா முடியுமாக்கும்!”

அண்ணன் லாரி ஓட்டுபவன். நாலு பேர் கூடினால் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற வாய் அவனுக்கு. அன்று தட்டிலிருந்து நிமிரவில்லை. “விடு, அவளை ஏன் போட்டு வறுத்தெடுக்கிறே” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவள் அண்ணியை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். ஈயத்தகடு பதித்த பெட்டிக்குள் எக்ஸ்ரே குழாய், வெளியே மேசைமேல் திரை. ஒரு சிட்டிகைப் பொடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று பூத்து நின்றது.

“அம்மாடி!” என்றாள் அண்ணி.

அவள் குழாயை அணைத்தாள். தட்டை வெளியே எடுத்து, உடம்பு நீரைப் போன்ற உப்புக் கரைசலைப் பொடிமேல் விட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி உள்ளே வைத்தாள். திரை கருப்பாகவே கிடந்தது.

“ஈரம் பட்டா கொத்து கலைஞ்சிடுது அண்ணி. அப்புறம் ஒளி இல்ல. செம்பு மட்டும் ரத்தத்துல கலக்கும். அது விஷம்.”

“இன்னொரு தடவை காட்டு.”

காட்டினாள். அதே கருப்புதான்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே அண்ணி.”

“சொன்னே. எனக்குத்தான் காதுல ஏறல.”

திரும்பும் வழியில் பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அறுவை சிகிச்சை வழக்கமான முறையில்தான் நடந்தது. கட்டியின் விளிம்பு சரியாகத் தெரியாததால் சுற்றிலும் தாராளமாக வெட்டினார்கள். நாக்கு பாதிக்குமேல் போயிற்று. அண்ணன் பிழைத்தான். லாரியை விட்டுவிட்டு, அண்ணியின் தையற்கடையில் துணி வெட்டித் தர உட்கார்ந்தான். பேச்சு குழறியது. வாடிக்கையாளர்களுக்குப் புரியாது, அண்ணிதான் எடுத்துச் சொல்வாள். அவன் சொல்லும் நகைச்சுவை அவள் வாயில் வரும்போது பாதி உயிர் போயிருக்கும். அதற்கு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.

பொடிக்குப் பிளாஸ்டிக் மேலுறை போட்டுப் பார்க்கும் வேலை அதன்பிறகு ஒன்றரை வருடம் இழுத்தது. கடைசியில் ஓர் உறை தாங்கியது. உப்புக் கரைசலில் ஒரு வாரம் ஊறியும் கொத்து கலையவில்லை, ஒளியும் குறையவில்லை. மனிதரிடம் போக இன்னும் எத்தனையோ படிகள் இருந்தன.

அன்று மாலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். குரலில் சந்தோஷம் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் என்னவோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

“இனிமே வர்றவன் அதிர்ஷ்டக்காரன்ங்கிறாரு” என்றாள் அண்ணி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காரு. சாப்பிட்டுட்டுப் போ.”