எட்டாவது பேனல்

கண்ணாடியில் விரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தான் ரஜீவ். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மில் கூரையில் எட்டு சோலார் பேனல்களையும் பூட்டித் தந்தவன் அவன்தான். இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்.

"ஏழு பேனல்ல கீறல் விழுந்திருச்சுங்க அக்கா. மேல் பூச்சே போயிருச்சு. இதுக்கெல்லாம் வாரண்டி குடுக்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற பதுர்தீன் மச்சான், என் கணவர் நானா என்று கூப்பிடும் மூத்த அண்ணன், தாடியைத் தடவிக்கொண்டார்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த மில் இது. பேனல் வந்த பிறகுதான் திறந்தேன். கணவர் ஸக்கரியா கத்தாரில் இருக்க, அலுவிகாரை ரோட்டோரத்தில் தனி ஆளாக மிளகாயும் மஞ்சளும் அரைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறேன். அந்தத் தூள்தான் கூரைக்கும் போகும். பஸ் கிளப்பும் புழுதியோடு சேர்ந்து, பனி பட்டதும் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கிழமைக்கு ஒரு தடவை, வெயில் ஏறுமுன், பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பழைய சாரத் துணியால் துடைப்பேன். அழுத்தித் தேய்க்கவே கூடாது. சூட்டில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. எல்லாம் ரஜீவ் சொல்லித் தந்தது.

போன மாதம் மச்சான் வந்து நின்றார்.

"நம்ம வீட்டுப் பொம்பள கூரையில ஏறி நிக்கிறத பஸ்ஸில போறவனெல்லாம் பாக்குறான். நல்லாவா ஈக்கிது?"

இனித் தானே துடைப்பதாகச் சொல்லி ஏணியைத் தன் வீட்டு முற்றத்துக்குத் தூக்கிப் போய்விட்டார். கணவருக்கு போன் எடுத்தேன். நானா சொன்னால் கேள் என்றார். சரி, துடைக்கும் முறையையாவது கேட்டுக்கொள்ளுங்கள் என்று மச்சானிடம் கெஞ்சினேன். சிரித்தார். வருடா வருடம் கந்தூரி விருந்துக்குச் சோறாக்கும் பெரிய கிடாரத்தை விளக்கிப் பளபளவென்று வைப்பவர் அவர். அவருக்கு நான் சொல்லித் தருவதா?

செவ்வாய்க்கிழமை, கொளுத்தும் வெயிலில், தேங்காய்ப் பொச்சுமட்டையும் சாம்பலுமாக ஏறி அதே கிடாரத்தைத் தேய்ப்பதுபோல் தேய்த்திருக்கிறார். மத்தியானத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொன்னதும் இறங்கிவிட்டார். எட்டாவது தப்பியது அதனால்தான். இப்போது முன்பு வந்த கரண்டில் பாதிதான் வருகிறது. இப்படியே போனால் மில்லை மறுபடி பூட்ட வேண்டியதுதான். நல்லதுக்காம்!

ரஜீவ் வந்து பார்த்த மறுநாள் விடியற்காலை, சுபஹு தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வரும் நேரம், அவர் முற்றத்தில் கிடந்த ஏணியை நானே இழுத்து வந்து சாத்தினேன். எட்டாவது பேனல் கூரையின் ஓரத்தில் இருந்தது. கடைசிப் படியில் நின்றால் எட்டும். மச்சான் இரண்டு பேரோடு பேசிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"மபாஸா, எறங்கு புள்ள. ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீங்க தேச்சு வெச்சிருக்கிறதையும் சேத்துப் பாக்கட்டும். ஏணியப் புடிங்க மச்சான், ஆடுது."

கூட வந்தவர்கள் அண்ணாந்தார்கள். விடிந்த வெளிச்சத்தில் ஏழு கண்ணாடிகளும் மங்கிக் கிடந்தன. நான் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஏணி ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றார்.

என் கோபம் ஆறவில்லை. துணியைப் பிழிந்தேன். மஞ்சள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளைத் தொப்பியில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை. நான் மறுபடியும் துணியை நனைத்தேன்.