என் பெயர் ஒட்டிய டப்பா

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னைத் திட்டப் போகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

பேட்டரி கம்பெனியில் எனக்குக் காட்மியம் பிரிவு. அந்த உலோகத் தூளைத் தகடுகளில் அழுத்துவது என் வேலை. வருடத்துக்கு ஒரு முறை எங்கள் சிறுநீரைச் சோதிப்பார்கள். காலையில் முதலில் போவதை வீட்டிலேயே பிடித்து, பெயர் ஒட்டிய டப்பாவில் கொண்டுவர வேண்டும். போன வருடம் எனக்குக் காட்மியம் அளவு எல்லையைத் தொட்டுவிட்டது. "அடுத்த தடவை ஏறுச்சுன்னா கேட்டுல நிக்க வேண்டியதுதான்" என்றார் சூப்பர்வைசர். பதினாறு வருடம் கைபழகிய மெஷினை விட்டுவிட்டு, வருகிற லாரிக்கெல்லாம் சல்யூட் அடிக்கவா? இந்த வருடம் டப்பாவை மனைவியிடம் நீட்டினேன்.

"இதையும் நான்தான் செய்யணுமா? நல்லா வாய்ச்சீங்க எனக்கு!" என்று சிரித்தாள். அவள் சிகரெட்டைத் தொட்டதில்லை. கம்பெனிப் பக்கம் எட்டிப்பார்த்ததும் இல்லை. இவளைவிடச் சுத்தமான ஆள் எனக்கு எங்கே கிடைப்பாள்?

பத்து நாள் கழித்து கம்பெனி டாக்டரம்மா கூப்பிட்டபோது, சீட்டியடித்துக்கொண்டுதான் போனேன்.

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "எல்லையைத் தாண்டிடுச்சு. சிறுநீர்ல புரதமும் போகுது. கிட்னியில பாதிப்பு இருக்கலாம்."

காகிதத்தை இழுத்துப் பார்த்தேன். "மெஷின் தப்பா காட்டியிருக்குமோ?"

"ரெண்டு தடவை பாத்துட்டாங்க. நீங்க சிகரெட் பிடிப்பீங்கல்ல? புகையிலைச் செடியே மண்ணுல இருந்து காட்மியத்தை இழுத்து வெச்சுக்கும். அந்தப் புகையும் இந்தத் தூளும் ஒரே உடம்புல சேருது. கேன்சர்னு நான் சொல்லல. வர்ற வாய்ப்பு கூடுது. நுரையீரலையும் பாத்துடணும்."

கஷ்டப்பட்டுக் கேட்டேன். "பக்கத்துல உக்காந்து அந்தப் புகையை சுவாசிக்கிறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் போகும்."

"சட்டையில ஒட்டி வீட்டுக்கு வர்ற தூள்?"

"அதுக்குத்தானே இங்கயே குளிச்சு, சட்டையை விட்டுட்டுப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறோம்?"

குளியலறையில் வரிசை நீளம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினாறு வருடத்தில் நான் அங்கே குளித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊறவைக்கும் முன் அவள் என் சட்டையை நாலு உதறு உதறுவாள். தூள் மூக்கில் ஏறித் தும்முவாள். நான் அவளைக் கிண்டல் செய்துகொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பேன்.

"டாக்டர், இது என்னோடது இல்ல" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

முழுதும் கேட்ட பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது. "இப்பவே அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் ஓடினேன். பின்கட்டில் நேற்று நான் போட்டிருந்த நீலக் கம்பெனிச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கிக்கொண்டிருந்தாள்.

"உதறாத!" நான் போட்ட கத்தலில் சட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

"என்னங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது? வேலை போயிடுச்சா?"

"ரிப்போர்ட் வந்துடுச்சு. அந்த விஷம் உன் உடம்புல இருக்காம். டாக்டர் வரச் சொல்றாங்க."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை.

"எனக்கா? நான் ஒரு நாளாவது அந்த கேட்டுக்குள்ள வந்திருக்கேனா?"