பத்தொன்பது நாள் நீலம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டிலிலிருந்து வந்தது. பாட்டிலில் இருந்தது என் மூத்திரம்.

இப்படி ஆரம்பித்தால் எந்தப் பத்திரிகையும் போடாது. 'சிறுநீர்' என்று மாற்றிப் பார்த்தேன். உடனே அது வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. என்னுடையதுதான், எனவே பழைய வார்த்தையே இருக்கட்டும்.

என் பெயர் மனோகரன். பட்டாபிராமில் மூன்று போர்ஷன் உள்ள வீட்டில் நடு போர்ஷன் என்னுடையது. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுத்தாளன். கடைசி போர்ஷனில் கஜபதியும் அவன் மனைவி புஷ்பாவும் இருக்கிறார்கள். கஜபதி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். ஃபிட்டராக இருந்தான் என்று எழுத வேண்டும். இது 1973. போன வருஷம் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

2

கால் இருந்தபோது நான் எழுதிய முதல் ஆரம்பம் இது:

"கஜபதிக்கு ஒரு கைப்பிடி சோற்றின் மேல் காதல். அந்தக் காதலுக்குத் தூது போனது பக்கத்து வீட்டுக்காரனின்—"

அங்கேயே நிற்கிறது. ஆமாம், இதை ஒரு நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கஜபதிக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆணி குத்தியது. பாதம் மரத்துப்போயிருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. நாலைந்து நாள் கழித்து நாற்றம் வந்தபிறகு புஷ்பாதான் கண்டுபிடித்தாள். பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை வெட்டியெடுத்து, தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது பார்வதம் என்கிற நர்ஸ், புஷ்பாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள். தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்று. எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்கவை. நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை எக்கச்சக்கம். நிறம் ஏறினால் ஊசி மருந்தைக் கூட்டு, நீலமானால் குறை. சர்க்கரை அடங்கினால்தான் புண் ஆறும்.

புஷ்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நிறம் பார்க்கத் தெரியும். பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். கூடவே தானாக ஒரு சட்டமும் போட்டாள்: செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சி, நீலம் வந்தால் மத்தியானம் ஒரு கை சோறு.

பத்து நாள் தொடர்ந்து கஞ்சி.

3

கஜபதியை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கெட்டவனாக எழுத முடியாது. பசித்தவனாக மட்டும் எழுதினால் அது அவனைத் தப்பிக்க விடுவது.

கட்டுப் போட்ட காலோடு அவனால் கொல்லைப்புறக் கக்கூசுக்குத் தனியாகப் போக முடியாது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்புமுன் நான்தான் தோள் கொடுத்து அழைத்துப் போவேன். சோதனைக்காகப் புஷ்பா தரும் பாட்டிலும் அவன் கையில் இருக்கும். அங்கே வைத்துத்தான் கேட்டான்.

"மாமே, ஒரே ஒரு நாளு. உன்து குடு."

"இன்னாத்த?"

"அதான்யா, இந்தப் பாட்டில்ல. கஞ்சி குட்ச்சி குட்ச்சி நாக்கு செத்துப்பூட்ச்சி மாமே. நீலம் வந்தா ஒரு வாய் சோறு துன்னுவேன்."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் வழியாகக் கண்ணடித்தான். என் நோட்டில் அன்றைய தேதி போட்டு, 'நல்ல விஷயம், கதைக்கு ஆகும்' என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஒரு நாள் பத்தொன்பது நாளாயிற்று. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனதும் என் பாட்டில்தான்.

[இரண்டாம் வரைவில் பாட்டிலைக் கொடுத்தவன் பெயர் ராமன். குடிகாரன், விவரமில்லாதவன். அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை. பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது.]

[மூன்றாம் வரைவில், "ஊசி குறைந்துகொண்டே போகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை" என்று எழுதினேன். பொய். ஐந்தாம் நாளே தோன்றியது. "ஊசிய கொறைக்கிறாளாடா?" என்று கேட்டேன். "ஆமா மாமே, நல்லதாப் போச்சு, தொடையெல்லாம் ஓட்ட" என்றான். அதற்குப் பிறகும் பதினான்கு நாள் கொடுத்தேன்.]

4

இருபதாம் நாள் கணுக்கால் வரை கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எங்கேயோ நின்றது. சீழ் பிடித்ததால் ஏறியிருக்கும் என்றார்கள். தினமும் நீலம் என்று புஷ்பா சத்தியம் செய்யும்போது அவர்களும் வேறு என்ன நினைப்பார்கள்? மறுநாள் கால் போயிற்று.

நகைச்சுவைக் கதையை நிறுத்தினேன். வேறு கதையும் எழுத வரவில்லை.

5

போன ஞாயிற்றுக்கிழமை புஷ்பா என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாத்தே, நீ கதை எல்லாம் எய்துறியே, என் கதைய எய்து. மத்த பொம்பளைங்களுக்குத் தெரியணும்."

"இன்னா எழுதணும்?"

"புண்ணுக்குக் கட்டுற துணிய வேக வெச்சித்தான் கட்டணும்னு எய்து. நான் ஒரே ஒரு நாளு வேக வெக்கல. ஊட்ல கிருஷ்ணாயில் இல்ல. வெயில்ல ஒலத்தி அப்டியே கட்டிட்டேன். சக்கரை தெனம் நீலமாத்தான் இருந்துச்சி. அப்போ கால் எத்தால போச்சி? என் கையாலதான் போச்சி."

அவள் அழவில்லை. ஒரு வருஷமாக இதையே நினைத்து நினைத்துக் கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி சொன்னாள். இப்போதெல்லாம் துணியை மூன்று தடவை வேகவைக்கிறாளாம். கைகள் வெந்து தோல் உரிந்திருந்தன.

"இப்போ எதுக்குத் துணி?" என்றேன்.

"இடது கால்ல கொப்புளம் வந்துகீது அண்ணாத்தே. செருப்பு கடிச்சிது."

"நிறம் பாத்தியா?"

"அந்தக் கண்ணாடிக் கொழாய எப்பவோ தூக்கிக் கடாசிட்டேன். நீலம் வந்துமே கால் பூட்ச்சே. அத்த நம்பி இன்னா பிரயோஜனம்? துணி சுத்தமா கீது, ஆறிடும்."

ஊசி? ஆஸ்பத்திரியில் கூட்டியதை, சீழ்தான் போயிற்றே என்று, வீட்டுக்கு வந்ததும் பழையபடி குறைத்த அளவுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

6

ஆகவே முடிவுகள்.

(அ) புஷ்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தே இருவரையும் மன்னித்துவிட்டாள். இதை எழுதும்போது கண்ணீர் வந்தது. எனக்கு மட்டுமே சௌகரியமான முடிவு. கிழித்தேன்.

(ஆ) நான் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைச் செருப்பால் அடிக்கிறாள். அதற்கு முன்பே கஜபதி என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறான்: "சொல்லிடாத மாமே. அவ என்ன ஊட்ல வெக்க மாட்டா. ஒத்தக் காலோட நான் எங்க போவேன்?" இதைக் கற்பனை செய்யவில்லை, நேற்று நிஜமாகவே சொன்னான். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நடை நன்றாக வந்திருந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

(இ) புஷ்பா தானாகவே புதுக் குழாய் வாங்கி— எதற்கு வாங்குவாள்? யார் சொல்லி வாங்குவாள்?

இன்று மூன்று தடவை அவள் வாசல் வரை போனேன். முதல் தடவை தீப்பெட்டி கேட்டேன். இரண்டாம் தடவை கஜபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை அவள் தனியாக அடுப்பங்கரையில் இருந்தாள். வாயைத் திறந்தேன். "துணி கொதிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

7

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். சென்ட்ரலில் ரயில் ஏறிப் பட்டாபிராமில் இறங்குங்கள். கஜபதி வீடு என்று கேட்டால் ஒற்றைக்காலனா என்று யாராவது வழி காட்டுவார்கள். புஷ்பாவிடம், "அந்த நீலம் உன் புருஷனுடையது இல்லை, உன் கையால் ஒன்றும் போகவில்லை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்று சொல்லுங்கள். யாருடையது என்று கேட்பாள். என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் யோசித்தேன். இதைத் தபாலில் சேர்த்து, பத்திரிகைக்காரர்கள் படித்து, அச்சாகி, உங்கள் கைக்கு வர எப்படியும் இரண்டு மாதம் ஆகும். கொப்புளம் நேற்று உடைந்துவிட்டது.

வாசலில் புஷ்பா நிற்கிறாள்.

"எய்திட்டியா அண்ணாத்தே? படி, கேக்குறேன்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்ட துணிக் கதையை நான் அழகாகச் சொல்லிவிட முடியும். சந்தேகமே படமாட்டாள்.

உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கஜபதியின் ஊன்றுகட்டை தரையில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவனும் காது கொடுக்கிறான்.

நான் என்ன படித்தேன் என்று இங்கே எழுதமாட்டேன், எழுதினாலும் நீங்கள் நம்பக் கூடாது. எப்படியும் உண்மையைச் சொல்லியிருப்பான் என்று மட்டும் தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதீர்கள்.