தை மெதுவாக வரட்டும்

ஆனி மாதக் கடைசியில் ஜெயக்கொடிக்கு நிச்சயமானது. கல்யாணம் தையில். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. தட்டு மாற்றிய அன்றிலிருந்து அவளுடைய அப்பா அரிகிருஷ்ணனுக்கு நாட்கள் சறுக்கிக்கொண்டு ஓடின. திங்கட்கிழமை கிண்டித் தொழிற்சாலையின் ஸ்டோரில் போய் உட்கார்ந்தால், நிமிர்வதற்குள் சனிக்கிழமை வந்து நின்றது. ஒரே பெண். அவள் போன பிறகு கீழ்க்கட்டளை வீட்டில் தானும் மனைவி தனக்கோடியும் மட்டும் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதை அக்கவுண்ட்ஸ் தோத்தாத்ரியிடம் சொன்னார். எதைக் கேட்டாலும் விளக்கம் வைத்திருக்கும் மனிதர் அவர்.

"நாள் ஓடலை சார், நீங்க கவனிக்கலை," என்றார் தோத்தாத்ரி. "தினம் அதே பஸ், அதே ரோடு, அதே டீ. இதெல்லாம் பார்த்தாச்சுன்னு மூளை விட்டுடும். புதுசா எதையாவது பாருங்கோ. ஒரு நாள் ரெண்டு நாளாத் தெரியும்."

அரிகிருஷ்ணன் அதை மருந்துச் சீட்டைப் போல எடுத்துக்கொண்டார். மறுநாளே வேலை முடிந்ததும், வழக்கமான மேடவாக்கம் பஸ்ஸை விட்டுவிட்டு மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கி, எதிர்த் திசையில் பம்மலுக்கு நடந்தார். தோல் பதனிடும் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்தார். அடுத்த வாரம் அனகாபுத்தூர். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டி அடையாற்றங்கரையில் நின்று, எருமைகள் கரையேறுவதைப் பார்த்தார். தோத்தாத்ரி சொன்னது பலித்தது. சாயங்காலங்கள் நீண்டன. புரட்டாசி அசைந்து அசைந்துதான் போனது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், மழையில் நனைந்து, பேன்ட்டெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தார். தனக்கோடி வாசலிலேயே மறித்தாள்.

"தெனம் எங்கய்யா சுத்திகினு வர்ற?"

"அனகாபுத்தூர்."

"அங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. அப்படிப் போனா நாள் மெதுவாப் போவுது."

தனக்கோடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டாள். அவர் முழுவதையும் சொன்னார்.

"மெதுவாப் போயி இன்னா ஆவணும்?"

"பொண்ணு இருக்கிற வரைக்கும் கூட இருக்கலாமேன்னுதான்."

"அவ இங்க கீறா. சாயங்காலமானா டிவி முன்னாடி ஒண்டியா குந்திகினு கீறா. நீ அனகாபுத்தூர்ல எருமைங்க கூட இருந்துகினு வர்ற."

உள்ளேயிருந்து ஜெயக்கொடியின் சிரிப்புக் கேட்டது. "எப்படா தை வரும்னு நான் காலண்டரப் பாத்துகினு கீறேன். நைனாதான் அத்தப் புடிச்சு இழுத்துகினு இருக்குதா?"

அரிகிருஷ்ணன் கால் கழுவப் போனார். மறுநாளிலிருந்து பழைய பஸ்ஸிலேயே நேராக வீட்டுக்கு வந்தார்.

கார்த்திகையில், மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காக வாங்கிய மொபெட் வந்து சேர்ந்தது. சும்மா நிறுத்தினால் என்ஜின் கெட்டுவிடும் என்று ஜெயக்கொடி அதை எடுத்தாள். சிநேகிதியின் வண்டியில் ஏற்கெனவே பழகியிருந்தாள். அரிகிருஷ்ணனுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் தெரியாது.

"ஏறு நைனா, நான் கத்துத் தர்றேன்," என்றாள்.

கல் நட்டு மனை போட்டிருந்த காலி நிலத்தில் தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. அவர் ஆக்சிலேட்டரை ஒரே திருகாகத் திருகுவார், வண்டி துள்ளும், பிரேக், பிரேக் என்று ஜெயக்கொடி பின்னால் ஓடுவாள். ஒருநாள் மனைக்கல்லில் உரசி, வேலிகாத்தான் புதருக்குள் வண்டியோடு போய் விழுந்தார். அவரைத் தூக்கிவிடத் தெம்பில்லாமல் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். முள் குத்திய கையோடு அவரும் சிரித்தார். பெட்ரோல் டேங்கில் நீளமாகக் கீறல். தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்கழி எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. பந்தக்கால் நடும்போதுதான் தை என்று உறைத்தது. கல்யாணத்தன்று பல்லாவரத்து மண்டபத்தில் மொபெட்டை மாலை போட்டு நிறுத்தினார்கள். கீறல்மேல் தனக்கோடி சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பக்தியான குடும்பம் என்று மெச்சினார்கள்.

மறுநாள் சாயங்காலம் தாம்பரத்தில் திருச்சி ரயில். கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தார்கள். பெட்டியை ஏற்றினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அரிகிருஷ்ணன் ஜன்னல் வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இரும்மா," என்றார். கார்டு விசில் ஊதினார்.

ரயில் நகரவில்லை. சிக்னல் விழவில்லை என்றார்கள்.

"தண்ணி வச்சிகினியா?" என்றார்.

"வச்சிகினேன் நைனா."

அழுது முடித்த சித்தி, மறுபடி தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்தபடி நின்றாள். மாப்பிள்ளை எல்லோரையும் பார்த்து ஒருமுறை சிரித்தார். இன்னொரு முறை சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் வைத்த கையை எடுப்பதா என்று அரிகிருஷ்ணனுக்குக் குழப்பமாக இருந்தது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"தண்ணி..."

"கீது நைனா. நீங்க கெளம்புங்க, மழை வர்றாப்புல கீது."

அவர் நடைமேடை ஓரத்துக்குப் போய் சிக்னலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். பிறகு கடைசிப் பெட்டி வரைக்கும் போய், "இன்னா சார் லேட்டு? எப்பதான் எடுப்பீங்க?" என்று கார்டிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் குலுங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார். மகளின் ஜன்னலை நோக்கி ஓடினார். கூட்டத்துக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை ஆடியது. அது அவளுடையதுதானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் கையசைத்தார்.

பெருங்களத்தூர் பக்கம் கடைசிப் பெட்டி மறைந்தது. தனக்கோடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதுக்குள்ள பூட்ச்சே," என்றாள்.