பிரேயாவின் விளாமரம்

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பஸ் வந்து சேருமுன் செத்த கன்றுகளையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்பது விரிவுரையாளர் றாஸிக் சேரின் கட்டளை. அப்ரா பிடுங்கிக்கொண்டிருந்தாள். யானைகளுக்குத் தீனியாகக் காடு வளர்க்கிறோம் என்று, இறக்காமம் குளத்துக்கு அப்பால் போன வருடம் அந்தப் பிள்ளைகள் நட்ட விளாங்கன்றுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? மாரியில் நட வேண்டியதை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஜூலையில்தான் லீவு என்பதற்காக, கச்சான் காற்று நெருப்பாய் வீசும் மாதத்தில் நட்டால்? பஸ் போன பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை. இந்த வருடமும் அதே குழிகளில் புதுக் கன்றுகள், நடுகிறவர்களின் புதுப் பெயர்த் தகடுகள், புதுப் போட்டோக்கள். ச்சீ என்றிருந்தது அவளுக்கு.

வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை. சாய்ந்தமருதிலிருந்து உயிரியல் படிக்கப் போன அப்ராவை, இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தால், அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே செலவழித்து மலேசியாவின் சபா காட்டுக்குக் கூட்டிப்போகும். அங்கேயும் இதே காடு வளர்ப்புப் படிப்புத்தான். இருப்பது ஓர் இடம்; சேர் கைகாட்டுகிறவருக்கே அது. உம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

பஸ் வந்தது. அதில் போன வருடம் வந்த பிரேயாவும் இருந்தாள். தான் நட்ட கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஆய்வு எழுத வந்திருக்கிறாளாம். சேருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவரா அசருகிறவர்? அப்ராவைத் தள்ளிக்கொண்டுபோய்க் காதோடு கதைத்தார்.

“அங்கால ஒரு விளா நிக்கிதே, அதுல அவட தகட்டக் கட்டு புள்ள.”

“சேர், அது ஆனை லத்தியில தானா மொளச்ச மரம். நாலஞ்சு வருசமாச்சும் இரிக்கும்.”

“அதுக்கென்ன, ஆனை வந்து கேஸ் போடவா போகுது? சபாக்குப் போக ஆசையில்லயா உனக்கு?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறுகூட இல்லை, வெறும் பூசணிக்காய். ஆனாலும் அப்ரா போய்க் கட்டினாள். கட்டிய கையை அபாயாவில் அழுத்தித் துடைத்தாள். படிப்புக்காக யானை லத்தியைக் கையால் பிரித்து விதை பொறுக்கியபோது வராத அருவருப்பு இப்போது வந்தது.

பிரேயா மரத்தைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், கண் கலங்கினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். சேரும் தட்டினார். பிரேயா அளவு நாடாவை அப்ராவிடம் கொடுத்து உயரம் பார்க்கச் சொன்னாள். அதற்குமேல் அப்ராவால் முடியவில்லை.

“இது உன் மரம் இல்லை. உன்னுடையது செத்துவிட்டது,” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்.

பிரேயா திடுக்கிடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தெரியும். ஒரு வருடத்தில் விளா இவ்வளவு வளருமா? எனக்கு ஆய்வு முடிந்தால் போதும். நீ உயரத்தைச் சொல்.”

அவள் கண்ணில் அந்த ஈரம் இன்னும் காயவில்லை.

அப்ராவுக்கு அப்போதுதான் சபா விளங்கியது. அங்கேயும் ஒரு பெண், அப்ராவின் பஸ் வருமுன், செத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். அப்ராவும் இறங்கிப் போய் யாருடையதோ ஒரு மரத்தைக் கட்டிப்பிடிப்பாள்.

“எத்தின அடி புள்ள?” என்று சேர் தூரத்திலிருந்து கேட்டார்.

“பூச்சியம்!” எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கத்தினாள் அப்ரா. “நட்டதெல்லாம் செத்துப் போயிற்று. பூச்சியம்!”

பிரேயாதான் முதலில் சிரித்தாள், நல்ல பகிடி கேட்டவள்போல. சேர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பிரேயா தானே நாடாவைப் பிடித்து, எட்டரை அடி என்று எழுதிக்கொண்டாள்.

அப்ரா பக்கத்துப் பற்றைக்குள் காறித் துப்பினாள்.

“சபாக்கு வேற ஆளப் பாருங்க சேர்,” என்றாள். “கட்டிப்புடிச்சு அழத் தெரிஞ்ச ஆளாப் பாருங்க.”