எந்தக் கை, அக்கா?

என் அக்கா மகள் பெலேயின் உயிருக்குப் பதினைந்து தாலா விலை வைத்தார்கள். சமோவாத் தலைநகர் ஆபியாவின் சந்தையில் என் கிழங்குக் கடைக்கு எதிரே ஒருவன் பாட்டிலில் இலைத் தண்ணீர் விற்றான். தட்டம்மை அண்டாது என்றான். அக்கா லூப்பே பேரம்கூடப் பேசாமல் வாங்கினாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். சந்தையிலே வளர்ந்தவள் பேரம் பேச மறக்கிறாள் என்றால் விஷயம் பெரிது.

ஊரெங்கும் தட்டம்மை. தடுப்பூசி போடாத பிள்ளை இருந்தால் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், ஊசி போடும் வண்டி வந்து நிற்கும் என்று அரசாங்க உத்தரவு. அக்கா கட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கண் சிவந்து இருமிக்கொண்டு கிடந்தான். முந்தாநாள் வரை ஒன்றரை வயதுப் பெலேயோடு ஒரே பாயில் புரண்டவன்.

காரணம் கேட்டேன்.

“போன மாசம் நர்ஸ் சியெனி வந்தா. ‘போடலாமா வேண்டாமா, உங்க விருப்பம், யோசிச்சுச் சொல்லுங்க’ன்னா. போடுறவளுக்கே நிச்சயமில்ல. நான் எதுக்குத் துணியணும், தம்பி?”

கடையில் நான் “வேணுமா?” என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் வேண்டாம் என்கிற நினைப்பு தானாக வந்துவிடும். “ரெண்டு கூடையா, மூணா?” என்றுதான் ஆரம்பிப்பேன். ஆனால் எங்கள் சமோவாவில் கூடப்பிறந்தவளை ஆண்பிள்ளை வற்புறுத்தக் கூடாது. குரலை உயர்த்தினால் குடும்பத்துக்கே அவமானம். அதனால் வாயை மூடிக்கொண்டு, அக்கா வீட்டு முற்றத்திலேயே இருக்கும் என் வீட்டு வாசலில் மனைவியின் சிவப்புக் கைலியைக் கட்டினேன்.

வண்டி நின்றது. இறங்கியவள் அதே சியெனி. ஓடிப்போய்க் கிசுகிசுத்தேன்.

“சம்மதமான்னு கேக்காதே. எந்தக் கைன்னு கேளு.”

“நான் என்ன கிழங்கா விக்கிறேன்?” என்றவள், அக்கா முன்னால் போய் நின்றதும் அதையே கேட்டாள்.

“இன்னிக்குப் பெலேவுக்கு ஊசி. எந்தக் கை, அக்கா?”

அக்கா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இது என் தம்பி கடைப் பேச்சாச்சே. வாடின கிழங்கைத் தள்ளிவிடறப்போ இப்படித்தான் கேப்பான்.”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே திரும்பினாள். பக்கத்து வீட்டிலிருந்து இருமல் கேட்டது. நிற்பதாக இல்லை. கெட்டிக்காரத்தனத்தால் காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

சியெனி பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, வித்தையெல்லாம் வேண்டாம். போடணும். கை வலிக்கும், ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வரலாம். அந்த இருமல் இங்க ஏற்கெனவே வந்திருக்கலாம்; இப்பவே போட்டா தப்பிக்க வழியிருக்கு. என் பையனுக்கு நானே போட்டேன்.”

அக்கா நின்றாள். “இதை ஏன் அன்னிக்குச் சொல்லல?”

“நீங்க ஊர்த் தலைவர் சம்சாரம். உங்களுக்கு நான் உத்தரவு போடறதா? மரியாதைக்குக் கேட்டேன்.”

“அது மரியாதையா? நான் பயந்துட்டேன்டி.”

பெலேயின் சட்டைக் கையை அக்காவே சுருட்டிவிட்டாள்.

கணக்கு இப்படி நிற்கிறது. இலைத் தண்ணீர் பதினைந்து தாலா, போனது போனதுதான். ஊசிக்குக் காசு வாங்கவில்லை. திருட்டுத்தனமாகத் துணி கட்டியதற்கு எங்கள் வழக்கப்படி அக்காவிடம் பன்றிக்குட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். பன்றியை வாங்கிக்கொண்டாள், மன்னிப்பு இன்னும் தரவில்லை. அம்மை வருமா வராதா என்று தெரிய இரண்டு வாரம் என்றாள் சியெனி. ஆறு நாள் கழிந்திருக்கிறது. மீதி எட்டு நாள் பாக்கி.