பத்தொன்பது விநாடிச் சிரிப்பு

அபினா நல்ல மனதோடுதான் அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினாள். அயர்லாந்தில் ஒரு துறைமுக ஊரின் பேண்டுக்காரர்கள் தங்கள் முப்பதாவது வருடத்தைக் கொண்டாட, பழைய வீடியோக்களைத் தேடிப்பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில், முன்பு அங்கே வேலை பார்த்த அவளுடைய அப்பா ஆன்ட்ரூஸ் இருந்தான். மொத்தம் பத்தொன்பது விநாடி. பச்சைப் பாவாடை கட்டிய ஒரு வெள்ளைக்காரியின் கைகளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றினான். சுற்றும்போது வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

இசபெல் அப்போதுதான் மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை பார்த்தாள். போனை மகளிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

அன்றைக்குச் சோற்றுக்கு ரசம்தான் வந்தது.

"மீனு இல்லியாட்டி?" என்றான் ஆன்ட்ரூஸ்.

"மீனெல்லாம் பச்சப் பாவாடக்காரிக்கு எடுத்து வச்சிருக்கேன். அங்க போயி வாங்கித் தின்னும்."

அபினா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஆன்ட்ரூஸ் விளக்கிப் பார்த்தான்.

"ஏட்டி, அவளுக்கு அன்னிக்கே அறுவத்திமூணு வயசு. அக்கார்டியன் வாசிச்சவருக்க பெஞ்சாதி. பேரப்பிள்ள எடுத்தவ."

"அறுவத்திமூணு வயசுல இந்தக் குதியா?"

"அங்க எல்லாரும் குதிப்பாவ. ஒருத்திகூடவே ஆடவும் முடியாது. ஒரு சுத்து முடிஞ்சா அடுத்த ஆளு, அது முடிஞ்சா அதுக்கடுத்த ஆளு. அதுக்கு கேய்லின்னு பேரு."

"பத்தொம்பது செகண்டுலயும் அவ ஒருத்திதானே நிக்கா?" என்றாள் இசபெல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆடினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. கல்யாணம் கழிஞ்சு இருவத்தஞ்சு வருசத்துல எனக்க முன்னால ஒரு நாளாவது நீரு இப்பிடிச் சிரிச்சிருக்கீரா? சொல்லும்."

ஆன்ட்ரூஸ் யோசித்தான். யோசித்ததுதான் தப்பு. உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சரி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வெள்ளிவிழாப் பூசைக்கு நான் வரல்ல. பாதருகிட்ட நீரே சொல்லீரும்."

கோவிலில் அவர்கள் பெயர் வாசித்தாகிவிட்டது. இருபத்தைந்து வருடம் முடித்த ஜோடி மாலையும் கழுத்துமாகப் பீடத்துக்கு நடந்து போய் மோதிரத்தை மந்திரித்து வாங்க வேண்டும். ஒருத்தனாக நடந்து போனால் மண்டைக்காடு முதல் கொளச்சல் வரைக்கும் கரையெல்லாம் காரணம் கேட்கும். இசபெல் சொன்னால் சொன்னதுதான். தன் மீனை ஐஸ் மீன் என்று சொன்ன ஓட்டல்காரனுக்குப் பதினோரு வருடமாக அவள் ஒரு சாளைகூட விற்றதில்லை.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வருடம் அயர்லாந்தில் இழுவைப் படகில் கிடந்தான். நாலு மணிக்கூருக்கு ஒரு தடவை வலைமடி ஏறும். இறாலைப் பொறுக்கி, தலையைத் திருகி, தட்டில் அடுக்கி முடிக்கவே இரண்டு மணிக்கூர் ஆகும். அடுத்த மடிக்கு மணி அடிப்பதற்குள் மிஞ்சுகிற இரண்டு மணிக்கூரில் தூங்க வேண்டும், தின்ன வேண்டும். உப்பும் குளிரும் சேர்ந்து விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடக்கும். சட்டைப் பொத்தான் போட முடியாது.

முதல் குளிர்காலத்தில் மூன்று வாரம் கழித்துக் கரை ஏறியபோது, கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன்தான் கோவில் கூடத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஹீட்டர் உண்டு, டீயும் கேக்கும் சும்மா கிடைக்கும் என்றான். அதற்காகத்தான் போனார்கள். மேடையில் ஆறு பேர் துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைப்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ, ஒரு டிரம். அக்கார்டியன்காரர் துறைமுகத்து ஐஸ் ஆலையில் ஐஸ் உடைக்கிறவர். காலையில் அவனுக்கு ஐஸ் அள்ளிப் போட்டவர்தான். பியானோ அம்மாள் தபாலாபீஸில் இருக்கிறவள். டிரம்காரர் ஒரு மரக்கட்டையில் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் பலகைத் தரை எழும்பி எழும்பி விழுந்தது.

சுவரோரம் நின்றவனை அக்கார்டியன்காரரின் மனைவி வந்து இழுத்தாள். கையைப் பிடித்தவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லோரும் அவனை மணிக்கட்டில்தான் பிடித்தார்கள். யாரும் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆட்டம் அவனுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. சின்ன வயதிலிருந்து கரமடி இழுத்தவன். கடலில் வளைத்த வலையை இரண்டு கயிற்றில் இரண்டு வரிசை ஆட்கள் பின்னுக்கு நடந்து கரைக்கு இழுப்பார்கள். வரிசைக் கடைசிக்கு வந்தவன் கயிற்றை விட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாக மறுபடியும் பிடிப்பான். அதனால் எதிர்க் கயிற்றில் எவன் முகம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இங்கேயும் அப்படித்தான் இருந்தது, வலைதான் இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த மூன்று மணிக்கூர். அதை இசபெலிடம் சொன்னதில்லை. வெயிலில் மீன்கூடை சுமக்கிறவளிடம் போனில், நான் இன்று டான்ஸ் ஆடினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஆடித்தான் காட்டணும் மச்சான்," என்றான் இசபெலின் தம்பி ரெனிஷ். ஆன்ட்ரூஸும் அவனும் இப்போது ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறார்கள். "வாயால சொன்னா அக்கா நம்பமாட்டா. ஆளு மாறுகத அவ கண்ணால பாக்கணும்."

சனிக்கிழமை மத்தியானம் கோவில் கூடத்தில் பேண்டு செட் பழகிக்கொண்டிருந்தது. கிளாரினெட் வாசிக்கிற மரியான் அண்ணன்தான் அதற்கு மாஸ்டர். அந்த வீடியோ ஓடுகிற போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடி மூன்று தடவை கேட்டார்.

"இது சப்பரத்துக்கு அடிக்கிற நட இல்ல மக்கா. சப்பரம் இதுல போனா மாதா கீழ விழுந்திருவா."

"வாசிக்க முடியுமாண்ணே?" என்றான் ஆன்ட்ரூஸ்.

"முடியாதுன்னு எவம்லே சொன்னான்?"

சைடு டிரம்காரனுக்குத் தொடையில் தட்டிக் காட்டினார். நாலைந்து தடவை சொதப்பி, பிறகு எப்படியோ ஓடத் தொடங்கியது. டிரம்பெட்காரனை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

ரெனிஷ் பதினாறு பேரைத் திரட்டி வந்திருந்தான். பாதிப்பேர் கரமடிக்காரர்கள். ஆன்ட்ரூஸ் நாலு நாலு பேராக எதிரும் புதிருமாக நிறுத்தினான். கைகோர்த்து மூன்று எட்டு முன்னே, மூன்று எட்டு பின்னே. பிறகு எதிரே நிற்கிற ஆளைப் பிடித்து ஒரு சுற்று. அது முடிந்ததும் ஒரு வரிசை கையைத் தூக்க, மற்ற வரிசை அடியில் குனிந்து போய் அடுத்த வரிசைக்கு எதிரே நிற்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம்.

முன்னே மூன்று எட்டு ஒழுங்காகத்தான் வந்தார்கள். பின்னே மூன்று எட்டில் நிற்கவில்லை. கையில் பிடி கிடைத்துக் கால் பின்னுக்குப் போனால் அவர்களுடைய உடம்புக்கு ஒன்றுதான் தெரியும். குதிகாலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, "ஏலோ" என்று யாரோ குரல் கொடுக்க, எட்டுப் பேர் ஒரு பக்கமும் எட்டுப் பேர் மறுபக்கமும் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். ரெனிஷின் முதுகு இடித்து, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் சரிந்தன. மரியான் அண்ணன் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை சுவரில் மோதும்போது சந்தை வேன் வந்து நின்றது. மீன்காரப் பெண்கள் மீன் சுமக்கிற சருவத்தோடு இறங்கி வாசலில் கூடினார்கள். முன்னால் இசபெல்.

"கரமடி இழுக்க இங்க என்னத்துக்குலே வந்தீங்க? கடலு அங்கயில்லா கெடக்கு," என்றாள்.

"அக்கா, இது அயர்லாந்து டான்ஸு," என்றான் ரெனிஷ் நாற்காலிக்கு அடியிலிருந்து.

"மூணு எட்டுன்னா மூணு எட்டுல நிக்கணும். ஒனக்கு எண்ணத் தெரியாதா?"

"நீயே வந்து நிறுத்திக் காட்டு பாப்போம்."

ஒரு வேலையை யாராவது கோணலாகச் செய்வதை இசபெலால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சருவத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியைச் சட்டையோடு தூக்கி நிறுத்தி எதிர்வரிசைக்குத் தள்ளிவிட்டு, இந்த வரிசையில் கைகோர்த்தாள். மறுகையை, ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அபினா ஓடிவந்து பிடித்தாள். அம்மா நின்றதும் மற்றப் பெண்களும் சிரித்துக்கொண்டே புருசன்மார் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஆன்ட்ரூஸ் பேண்டுக்குப் பக்கத்தில் நின்று எட்டுச் சொன்னான்.

மூன்று முன்னே. மூன்று பின்னே. இசபெல் "நில்லு" என்று போட்ட சத்தத்தில் இரண்டு வரிசையும் நின்றன. தம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து நுழைந்தாள். அடுத்து பெரியப்பா மகன், ஒரு சுற்று. அதற்கடுத்த வரிசையில் வேன் ஓட்டுகிற சுபின் நின்றான். காலையில் சருவம் வைக்கிற இடத்துக்காக இரண்டு பேரும் தினமும் வாய்ச்சண்டை போடுகிறவர்கள்.

"அய்யோ, இந்தக் கொள்ளக்காரனா?" என்றாள் இசபெல்.

"மெதுவா பிடிங்கக்கா, எனக்கு வண்டி ஓட்டணும்," என்றான் சுபின்.

சுற்றினார்கள். கிளாரினெட் மேலே ஏறியது. இசபெல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வெற்றிலைப் பல்லெல்லாம் தெரிய, சத்தமாகச் சிரித்தாள்.

ஆன்ட்ரூஸுக்கு எட்டுக் கணக்குத் தப்பியது. சுபின் நல்ல பையன், தம்பி முறை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள் தைத்தது. இந்தச் சிரிப்பை நான் எப்போது பார்த்தேன்? பார்த்ததாக நினைவில்லை.

அவன் முகத்தை இசபெல் பார்த்துவிட்டாள். வரிசையை விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சுபினுகூட சிரிச்சதுக்கா?"

ஆன்ட்ரூஸ் இந்தத் தடவை யோசிக்கவில்லை. "ஆமா."

இசபெல் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். சுபினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இப்போது ஒரு கிழவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கிழவியும் அதே மாதிரிதான் சிரித்தாள்.

"சுத்தும்போது தானா வருது," என்றாள் மெதுவாக. "நான் அவன நெனச்சா சிரிச்சேன்?"

"அதத்தானட்டி நானும் சொல்ல வந்தேன்."

"சொல்லத் தெரியல்லியே ஒமக்கு. ஒம்பது வருசம் போன்ல மழ பெய்யுது, குளிருதுன்னு மட்டும்தானே சொன்னீரு. இத முன்னாலயே சொல்லியிருந்தா, சந்தையில கூட கொஞ்ச நேரம் நின்னு சந்தோசமா வித்திருப்பேன்."

ஆன்ட்ரூஸ் சரிந்து கிடந்த ஒரு நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.

"நாளைக்குக் காலம்பற தையல்காரிகிட்ட போயி எனக்க ஜாக்கெட்ட வாங்கிட்டு வாரும். பூசைக்கு இனி ஒரு வாரம்தான் இருக்கு," என்றாள். பிறகு அவனுடைய கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்தாள். "எனக்க பக்கத்துல நில்லும். எதிர நிக்காதயும், எதிர நின்னா ஒரு சுத்தோட அடுத்தவகிட்ட போயிருவீரு."

"அண்ணே, கொஞ்சம் நிறுத்தி முதல்லேருந்து அடிங்க," என்று ஆன்ட்ரூஸ் கத்தினான்.

மரியான் அண்ணன் கிளாரினெட்டை உதட்டிலிருந்து ஒரு மூச்சுக்கு மட்டும் எடுத்தார்.

"நிறுத்தினா மறந்து போவும்லே! அப்பிடியே வந்து சேந்துக்க!"

சேர்ந்துகொண்டார்கள்.